நூற்றுக்கு எவ்வளவு

ரயில்வே கேட் போட்டாயிற்று. பஸ் குலுங்கி நிற்பதற்கு முன்பே சீனியம்மாளின் இரண்டு கையும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துவிட்டன. இப்போதெல்லாம் அப்படித்தான். டிரைவர் பிரேக்கை மிதிக்கலாமா என்று நினைக்கும்போதே அவள் கை தானாகக் கம்பிக்குப் போய்விடுகிறது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். அணைத்துவிட்டார் என்றால் ரயில் வர நேரமாகும். கோர்ட்டு கூடுவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வேறு தேதிக்குத் தள்ளிவிடுவார்களாம். தள்ளட்டுமே என்று ஒரு நினைப்பு ஓடியது, உடனே அந்த நினைப்பே பயமாக இருந்தது. தள்ளினால் இன்னொரு தேதி வரைக்கும் இதையே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், சோற்றை வடிக்கும்போதும் துணியைப் பிழியும்போதும் கூண்டில் ஏறி நின்று பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கே சொல்லித் தொலைத்துவிட்டால் தீர்ந்தது. என்ன தீர்ந்தது? புருசன் பக்கம் சொன்னால் கூடப் பிறந்தவன் இல்லை. தம்பி பக்கம் சொன்னால் அந்த வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பது, புருசன் கொம்பையாவுக்கு எந்த முகத்தோடு சோறு போடுவது. அவள் புருசன் ஆட்டோவும் அவள் தம்பி வேனும் கண்மாய்க்கரையில் மோதின. ஆட்டோவில் இருந்த ஜெசிந்தா டீச்சருக்குக் கணுக்காலோடு ஒரு பாதம் போனது. இவ்வளவுதான் நடந்தது. இதில் தப்பு யாருடையது என்று கேட்டால்கூட ஏதாவது சொல்லிவிடலாம். அவர்கள் கேட்கப்போவது அதையல்ல, யார் தப்பு எவ்வளவு என்று கேட்கப்போகிறார்கள்.

‘தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்கும்மா, அத யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது. யார் பேர்ல எம்புட்டு, அதுதான் கேசே’ என்று புருசன் பக்கத்து வக்கீல் சொன்னார், காபியை ஆற்றிக்கொண்டே. டீச்சருக்குக் கிடைக்கவேண்டியதை இரண்டு வண்டி இன்சூரன்சும் கட்டிவிடும், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம் என்றார். வேனுக்கு எழுபது, ஆட்டோவுக்கு முப்பது என்று வந்தால் நல்லது, அறுபது நாற்பது என்றாலும் பாதகமில்லை, எல்லாம் நீங்கள் சொல்வதில்தான் இருக்கிறது என்றார். அவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லி அவளுக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். ஆனால் சீனியம்மாளுக்கு அந்தக் கணக்கு பிடிபடவே இல்லை. அஞ்சாவதோடு நின்றவள். நாலு உழக்கு அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து என்று போட்டு ஆட்டத் தெரியும், ஆட்டி முடித்த மாவைக் காட்டி இதில் உளுந்து எது என்று கேட்டால் யார் சொல்ல முடியும். எழுபது என்றால் டீச்சர் காலில் எழுபதா? குதிகாலும் நடுப்பாதமும் தம்பி எடுத்தது, விரல் ஐந்தும் புருசன் எடுத்தது என்றா? சீ, என்ன நினைப்பு இது. ஆனால் ஊர் அப்படித்தான் பேசும். கூடுதல் எவன் பேரில் விழுகிறதோ அவன்தான் டீச்சர் காலை எடுத்தவன். அவன் பிள்ளைகளுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும், டீச்சரின் அங்கன்வாடியில் படித்த பிள்ளைகள் அல்லவா எல்லாம். வக்கீல் அவளைச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். ‘வேன் வேகமா வந்துச்சு. நாங்க வந்த வழியில ஏறி வந்துச்சு.’ இன்னொரு தடவை. ‘வேன் வேகமா வந்துச்சு.’ வேன்தான், தம்பி என்று சொல்லக்கூடாதாம். வேகமாகத்தான் வந்தது, பொய் இல்லை. தம்பி செந்தூர்பாண்டி பால்குடி மறந்த நாளிலிருந்தே வேகம்தான். தெருவில் நடந்து போகிறவனில்லை, ஓடுகிறவன். பின்னால் ஓடி ஓடி அவளுக்குத்தான் மூச்சு வாங்கும். விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருவான், எச்சிலைத் தொட்டு வைத்தால் ஆறிவிடும் என்று நம்புவான்.

ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு செருமல் வந்தது. சீனியம்மாள் திரும்பவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பது சொர்ணம், செந்தூர்பாண்டியின் பெண்டாட்டி. இரண்டு வருசமாகப் பேச்சு இல்லை. ஒரே கோர்ட்டுக்கு ஒரே நாளில் ஒரே பஸ்ஸில் போகவேண்டியிருக்கும் என்று இருவருக்குமே தோன்றியிருக்காது. ஆம்பளைகள் இரண்டு பேரும் காலையிலேயே அவரவர் வக்கீலோடு போய்விட்டார்கள். அடுத்த ஊரில் சொர்ணம் ஏறினபோது பஸ்ஸில் வேறு இடம் இல்லை. ‘உள்ள தள்ளி உக்காருங்கக்கா’ என்று கண்டக்டர் சொன்னார். சீனியம்மாள் உள்ளே தள்ளவில்லை. எழுந்து நின்று சொர்ணத்தை உள்ளே போகவிட்டு, தான் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். கண்டக்டர், ‘நல்லா இருக்கு, எல்லாரும் சன்னலுக்குச் சண்ட போடுவாக, நீங்க நடப்பாதைக்குச் சண்ட போடுறீக’ என்று சிரித்துக்கொண்டே போனார். அவருக்கென்ன தெரியும். அன்றைக்கு டீச்சர் அப்படித்தான் கேட்டாள், ‘கொஞ்சம் உள்ள தள்ளிக்கிறீங்களா, காத்தோட்டமா இருக்கும்’ என்று. இவள் தள்ளி உட்கார்ந்தாள். தள்ளாமல் இருந்திருந்தால் அந்த ஓரத்தில், கம்பி நசுங்கி உள்ளே வந்த அந்த ஓரத்தில், இவள் கால் இருந்திருக்கும். டீச்சரின் செருப்பில் ஊதாக் கலரில் ஒரு பூ இருந்தது. ஒரு செருப்புத்தான் அப்புறம் கிடைத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் டீச்சர் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து இரண்டு குடும்பத்தையும் பார்த்துத் தலையசைத்துச் சிரிக்கிறாள். ‘எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்ல’ என்கிறாள். வருத்தப்பட்டாலாவது பரவாயில்லையே. ஒரு நாள் கெட்ட வார்த்தையில் வைதால்கூட வாங்கிக்கொள்ளலாம். சிரிப்பை என்ன செய்வது.

வெளியே ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே போனது. கேட்டுக்கு இந்தப் பக்கம் ரோடு முழுக்க வண்டி அடைத்து நின்றது, இடப்பக்கம் வலப்பக்கம் என்று இல்லாமல். அந்தப் பக்கமும் அப்படியேதான் நின்றார்கள், கம்பிக்கு அங்கிட்டும் இங்கிட்டும் மூஞ்சிக்கு மூஞ்சி. கேட்டைத் திறந்தால் யார் எப்படிப் போவார்கள். பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் கரை வந்துவிடும் என்று தெரிந்தும் மூடினாள். வந்தது. ஒரு பக்கம் கண்மாய்த் தண்ணீர், மறுபக்கம் சரிவு. ஒரு வண்டி போகிற அகலம்தான் ரோடு. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருத்தர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும், ஒதுங்குவதற்குக் கரையின் நடுவில் உடைமரத்துப் பக்கத்தில் ஒரே இடம்தான் உண்டு, சரிவுப் பக்கமாகக் கொஞ்சம் மண் கொட்டி மேடு தட்டிய இடம். டவுனிலிருந்து வருகிறவனுக்கு அது இடதுகைப் பக்கம், ஊரிலிருந்து போகிறவனுக்கு வலதுகைப் பக்கம். தம்பி பால்கேன் இறக்கிவிட்டு டவுனிலிருந்து திரும்புகிற நேரமும் புருசன் சவாரி ஏற்றிக்கொண்டு போகிற நேரமும் அனேகமாக ஒன்றாக அமைந்துவிடும். எப்போதும் தம்பிதான் ஒதுங்குவான். அக்கா புருசன், மூத்தவர், அவருக்கு எதிரே நின்று ஹாரன் அடிக்க மாட்டான். மரத்தடியில் வேனை இறக்கி நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டி, ‘அத்தான் பவனி வாராக, கண்மாய் மீனெல்லாம் ஒதுங்கு’ என்பான். இவர், ‘போடா மாப்ள, ஒங்கக்காவ ஏத்துனதுல வண்டி ஒரு பக்கமாச் சாயுது, வழி விடு’ என்பார். சவாரி ஏறினவர்களெல்லாம் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், கோபமாக இருப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

மகளுக்குச் சடங்கு வைத்தபோது செந்தூரு அதே வேனில்தான் சீர் கொண்டுவந்தான். வேனுக்கு மாலை போட்டு, முன்னால் மேளம் விட்டு, தாம்பாளம் தாம்பாளமாக இறக்கினான். இத்தனை செய்வான் என்று கொம்பையா எதிர்பார்க்கவே இல்லை. அவர் யாரிடமும் நெகிழ்ந்து பேசுகிற மனிதர் கிடையாது, நெகிழ்ந்தால் கேலிதான் வரும். பந்தலில் எல்லோர் முன்னாலும் தம்பி தோளில் கையைப் போட்டு, ‘தாய்மாமன் வண்டிய்யா இது. இனிமே இந்த வண்டிக்கு நாந்தான் கரையில ஒதுங்கணும், மாப்ள ஒதுங்கப்படாது’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். பந்தலில் பேசுகிற பேச்சு, அதை அவன் மனசில் வைக்கவில்லை. இவர் வைத்திருந்தார். பந்தல் பிரித்த மறுநாள் காலையில் இவளையும் டீச்சரையும் ஏற்றிக்கொண்டு கரையில் போகும்போது தூரத்தில் வேன் தெரிந்தது. இவர் கழுத்தை லேசாகத் திருப்பி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ‘இன்னைக்கு நான் ஒதுங்கப்போறேன் பாரு. அவன் ஒதுங்குறதுக்கு முந்தி’ என்றார். காது ஓரம் சிரிப்பு தெரிந்தது. ஆக்சிலேட்டரை முறுக்கினார். அங்கே அவன் மரத்தைப் பார்த்து வேகமாக வந்தான், அத்தானைக் காக்க வைக்கக்கூடாது என்று. இவர் அவனைக் காக்க வைக்கக்கூடாது என்று போனார். அவன் இடது பக்கம் ஒடித்தான், இவர் வலது பக்கம் ஒடித்தார். இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஒதுங்கினார்கள். அப்புறம் சத்தம். சத்தம்கூட இல்லை, சத்தத்துக்கு முன்னால் ஒரு நொடி தம்பியின் முகம் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்ததே, வாய் எதையோ சொல்லப்போன மாதிரி பாதியில் நின்றதே, அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ‘அத்தான் பவனி’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருப்பான். வேறென்ன சொல்லியிருப்பான் அவன்.

இதை எதில் சேர்ப்பது. எழுபதிலா, முப்பதிலா. கொம்பையாவுக்கு மண்டையில் அடி. அன்றைக்குக் காலையில் டீ குடித்தது வரைக்கும்தான் ஞாபகம், கரையில் ஏறியதே ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து கேட்டபோது, யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ‘வேன்காரன்தான் ஏறி வந்துட்டான்’ என்றார். அந்தப் பக்கம் செந்தூரு ஸ்டேஷனில் கைகட்டி நின்று, பயத்தில், ‘ஆட்டோதான் ராங் சைடுல ஒடிச்சாரு’ என்றான். இரண்டு பேர் சொன்னதும் இரண்டு பேர் காதுக்கும் போனது. அவ்வளவுதான், அத்தானும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. இவள் ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டே புருசனிடம் சொல்லிப் பார்த்தாள், நீங்கதான் இப்படிச் சொன்னீக, சிரிச்சுக்கிட்டே சொன்னீக என்று. அவர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். ‘ஒந்தம்பியக் காப்பாத்த என் வாயில வார்த்தைய வைக்கிறியா’ என்றார். வெகுநேரம் கழித்து, ‘அப்படியே சொல்லியிருந்தாலும் அத வெளிய சொல்லாத. வலது பக்கம் நானே ஒடிச்சேன்னு ஆயிரும்’ என்றார். நம்பினாரா நம்பவில்லையா, அதுவே அவளுக்குத் தெரியாது.

‘நல்ல சேல’ என்றாள் சொர்ணம்.

சீனியம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். சொர்ணம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ‘சாட்சி சொல்றதுக்கு உடுத்திட்டுப் போறீகளாக்கும். எங்க வீட்டுச் சீர்ச் சேலையில்லையா அது. அஞ்சு கடை ஏறி எறங்கி எடுத்தாரு ஒங்க தம்பி. எனக்குக்கூட அப்படி அலைஞ்சதில்ல.’

சீனியம்மாள் குனிந்து பார்த்தாள். அரக்குக் கரை போட்ட பச்சை. காலையில் பெட்டியின் மேலாக இருந்தது, எடுத்துக் கட்டினாள், நல்லதாக ஒன்று கட்டவேண்டும் என்பதைத் தவிர எதுவும் நினைக்கவில்லை. நினைத்துத்தான் கட்டினாள் என்று இனி சொல்வார்கள். முந்தானையை இழுத்து மடியில் சுருட்டிக்கொண்டாள், அதனால் சேலை மறைந்துவிடுமா என்ன.

‘பாக்காமக் கட்டிட்டேன் சொர்ணம்.’

‘பாக்காமத்தான் எல்லாம் நடக்கு நம்ம ரெண்டு வீட்டுலயும். ஒங்க வீட்டுக்காரர் பாக்காம ஒடிச்சாரு. இவுக பாக்காம ஓட்டுனாக. நீங்க பாத்தீகல்ல மதினி, நீங்க ஒருத்திதான பாத்தீக.’ சொர்ணத்தின் குரல் உடைந்தது, அதை மறைக்க உடனே எகத்தாளமாக, ‘வக்கீல் என்ன பாடம் சொல்லிக் குடுத்திருக்காரு, ஒப்பிங்க பாப்போம்’ என்றாள்.

‘நீயுமா என்னக் கூண்டுல ஏத்துற.’

‘ஏத்தல. ராத்திரியெல்லாம் அந்த மனுசன் தூங்க மாட்டேங்கார் மதினி. அத்தான் ஏன் என் பக்கம் திருப்புனாரு, நான் வழி விட்டேனே, நான் எப்பவும் வழி விட்டவன்தானேன்னு அதையே சொல்லிக்கிட்டுக் கெடக்காரு. எம்மேல என்ன கோவம் அத்தானுக்குன்னு கேக்காரு. சடங்குல ஏதும் கொறை வச்சமோன்னு கேக்காரு. நான் என்ன சொல்ல.’

கோபமா. இந்த ரெண்டு வருசமாக அவன் இதையா நினைத்துக்கொண்டு கிடந்தான், அத்தான் வேண்டுமென்றே மோதினார் என்றா. சொல்லக்கூடாது, வக்கீல் யாரிடமும் பேசாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார், அதிலும் எதிர்த்தரப்பிடம். எதிர்த்தரப்பு. இந்தப் பிள்ளையைப் பெண் பார்க்கப் போனதே இவள்தான், முடி நீளமாக இருக்கிறது என்று முதலில் சொன்னவள் இவள்தான். சொன்னால் என்ன ஆகும். தம்பிக்கு ஒரு ராத்திரித் தூக்கம் வரும். அது போதாதா. அதற்கு மேல் யோசித்தால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது, யோசிப்பதற்குள் வாய் திறந்துகொண்டது.

‘கோவமில்ல சொர்ணம். அவருந்தான் வழி விட்டாரு. பந்தல்ல சொன்னாருல்ல, நான் ஒதுங்குறேன்னு. அன்னைக்கு வேனப் பாத்ததும் எங்கிட்டச் சொன்னாரு, இன்னைக்கு நான் ஒதுங்கப்போறேன் பாருன்னு. சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரு. அவனுக்கு முந்தி ஒதுங்கணும்னுதான் போனாரு. அவரு ஞாபகத்துல இல்ல, எங்காதுல இருக்கு.’

சொர்ணம் அப்படியே அவளைப் பார்த்தாள். கண் நிறைந்தது. சீனியம்மாளின் கையைப் பிடித்தாள். எத்தனை நாள் கழித்துத் தம்பி வீட்டு ஆள் ஒன்று தன்னைத் தொடுகிறது என்று சீனியம்மாளுக்கு அழுகை வந்தது. ரயில் அப்போதுதான் வந்தது, பஸ்ஸின் தகரமெல்லாம் அதிர்ந்தது, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. சரக்கு ரயில். அது போய் முடிகிறவரைக்கும் சொர்ணம் கையை விடவில்லை. முடிந்ததும் விட்டாள். மடியிலிருந்து போனை எடுத்தாள்.

‘யாருக்கு?’

‘அவுகளுக்குத்தான். ஒரு வார்த்த கேட்டா மனசு ஆறும்ல.’

ஆறும். ஆறட்டும். சொர்ணம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள், மதினி பக்கத்துலதான் இருக்காக, இப்படி இப்படி, அத்தான் ஒங்களுக்கு வழி விடத்தான் ஒடிச்சாராம், சொல்லிட்டே ஒடிச்சாராம். மறுபக்கம் சத்தமே இல்லை. அவன் அழுகிறானோ. சின்ன வயசிலும் சத்தமில்லாமல்தான் அழுவான், உதட்டைக் கடித்துக்கொண்டு. அப்புறம் ஏதோ பேச்சுக் கேட்டது, அவன் குரல் இல்லை, பக்கத்தில் வேறு யாரோ ஆம்பளைக் குரல், அது கேட்கக் கேட்க அவன் பதில் சொல்கிற மாதிரி. அவனுடைய வக்கீல். சொர்ணத்தின் முகம் மெல்ல மாறிக்கொண்டு வந்தது. ‘ம்… சரி… இருங்க’ என்று போனை நீட்டினாள். ‘ஒங்ககிட்டப் பேசணுமாம்.’

சீனியம்மாள் போனைக் காதில் வைத்தாள். வெளியே கேட் தூக்கிவிட்டார்கள் போல, எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் உறுமின.

‘அக்கா.’

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ‘சொல்லுப்பா’ என்றாள்.

‘அத்தான் நெசமாவே அப்படிச் சொன்னாராக்கா?’

‘ஆமாப்பா. எங்காதால கேட்டேன்.’

அவன் மூக்கை உறிஞ்சினான். பக்கத்துக் குரல் மறுபடியும் ஏதோ முணுமுணுத்தது. ‘அக்கா, அத அப்படியே அங்க சொல்லு. அத்தான் சொல்லிட்டு ஒடிச்சாருங்கிறத மட்டும் சொல்லு. நான் ஒதுங்குறதுக்காக மரத்தப் பாத்து வேகமா வந்தேன்ல, அதச் சொல்லாத. நான் நேராத்தான் வந்தேன். என்னக்கா. எனக்குப் பிள்ளைக இருக்கு.’ நிறுத்தினான். ‘அத்தானுக்கும் இருக்கு. தெரியும். ஆனா எனக்கு வேற வழி தெரியலக்கா.’

பஸ் கிளம்பியது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒதுங்கியதைச் சொல்லாதே என்று அவர் சொன்னார். நான் ஒதுங்கியதைச் சொல்லாதே என்று இவன் சொல்கிறான். இரண்டு பேரும் கேட்கிறபடி அவள் நடந்துகொண்டால், அன்றைக்கு அந்தக் கரையில் யாரும் யாருக்கும் ஒதுங்கவே இல்லை என்று ஆகிவிடும். அதைத்தான் நூறாக வைத்துப் பிரிப்பார்கள். அவள் அதைச் சொல்ல நினைத்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொர்ணம் பார்த்துக்கொண்டே இருந்தாள், பச்சைச் சேலையையும் அவள் வாயையும் மாறி மாறி.

‘அக்கா, கேக்குதா?’

‘கேக்குதுப்பா’ என்றாள் சீனியம்மாள். அப்புறம், வேறு எதுவும் வாயில் வராததால், ‘நீ சாப்ட்டியா?’ என்று கேட்டாள்.